ரத்தம் கொட்டும் உடம்புக்குக் குளிர் எப்போது எதிரி, எப்போது துணை?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பக்கம் கோயில் மண்டபங்களில் முதலுதவி வகுப்பு எடுக்கப் போனால், கட்டு போடுவது எப்படி என்று காட்டி முடிப்பதற்குள் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்: "அண்ணா, ரத்தம் கொட்டுறவங்களுக்கு ஐஸ் வைச்சா நிக்காதா?" கூடவே இன்னொருவர் சேர்ந்துகொள்வார்: "அமெரிக்காவுல உடம்பையே ஐஸ் தண்ணியில குளிர வைச்சு, செத்தவங்களையே எழுப்புறாங்களாமே?"

இரண்டும் நல்ல கேள்விகள். முதல் கேள்விக்கு என் பதில்: வேண்டாம், அவரைப் போர்த்திச் சூடாக வையுங்கள். இரண்டாவது கேள்விக்கு: ஆமாம், அப்படி ஒரு முயற்சி நடந்திருக்கிறது, ஆனால் செத்தவரை எழுப்புவது இல்லை, சாவு முழுமையாவதற்குள் கொஞ்ச நேரம் வாங்குவதுதான் அது. ஒரே காயம், ஒரே ரத்த இழப்பு. ஒரு இடத்தில் குளிர் ஆளைக் கொல்கிறது, இன்னொரு இடத்தில் மருத்துவரே வேண்டுமென்று உடம்பை 10 டிகிரிக்குக் கொண்டுபோகிறார். அறுவை அரங்கில், மயக்க மருந்து கொடுப்பவர்கள் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் நான். இந்த இரண்டு குளிரையும் ஒன்றாக நினைத்துக்கொண்டால் வீட்டிலும் ரோட்டிலும் தப்பான காரியம் நடக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ரத்தம் போனால் என்ன ஆகிறது என்று பார்த்துவிடலாம்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் அரை லிட்டர், முக்கால் லிட்டர் போனால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். 2 லிட்டர் வேகமாகப் போய்விட்டால் நிலைமை வேறு. நாடி எகிறும், தோல் வெளுத்து ஈரமாகும், ஆள் குழப்பமாகப் பேசுவார், அப்புறம் பேச்சே நிற்கும். இதயம் நல்லபடியாக இருந்தாலும் அதற்குள் தள்ளுவதற்கு ரத்தம் இல்லை. வெற்று பம்பு மாதிரி துடித்துத் துடித்து நின்றுவிடும்.

நின்ற பிறகு ஒவ்வொரு உறுப்புக்கும் ஒவ்வொரு கெடு. மூளை உடம்பின் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று அதனிடம் எதுவும் கிடையாது. அதனால் ரத்த ஓட்டம் நின்ற 4, 5 நிமிடத்தில் மூளை செல்கள் கெடத் தொடங்குகின்றன. சிறுநீரகமும் கல்லீரலும் இன்னும் கொஞ்சம் தாங்கும். கை கால் தசை மணிக்கணக்கில் தாங்கும். அதனால்தான் காலில் இறுக்கிக் கட்டும் பட்டையை 2 மணி நேரம் வரை விட்டுவைக்க முடிகிறது. அறுவை மருத்துவர் ஓடும் பந்தயம் எப்போதும் மூளையின் கடிகாரத்தோடுதான். நெஞ்சுக்குள் கிழிந்த ஒரு ரத்தக் குழாயைத் தைக்க அவருக்கு அரை மணியாவது வேண்டும். மூளை தருவது 5 நிமிடம்.

இங்கேதான் குளிர் வருகிறது. லோட்-ஷெடிங் காலத்தை நினைத்துப் பாருங்கள். கரன்ட் போனதும் இன்வெர்ட்டர் பேட்டரியில் வீடு ஓடும். கெட்டில், கீசர், ஏசி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். எல்லாவற்றையும் அணைத்து ஒரு பல்பை மட்டும் விட்டால் அதே பேட்டரி ராத்திரி முழுக்க வரும். பேட்டரி கூடவில்லை, செலவு குறைந்தது. குளிர் உடம்புக்குச் செய்வது இதுதான். ஆக்சிஜனை அது கொண்டுவருவதில்லை, செல்கள் ஆக்சிஜன் கேட்பதைக் குறைக்கிறது. உடம்பின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் செலவு ஏறத்தாழ 6, 7 சதவீதம் குறையும். 28 டிகிரியில் சுமார் பாதி. 20 டிகிரியில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும்.

செலவைக் குறைப்பதோடு வேலை முடியவில்லை. ஆக்சிஜன் இல்லாமல் போன செல்லில் சக்தி தீர்ந்ததும், செல் சுவரில் உப்பை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் பம்புகள் நிற்கின்றன. சோடியமும் தண்ணீரும் உள்ளே புகுந்து செல் வீங்குகிறது. அப்புறம் கால்சியம் புகுந்து செல்லைத் தின்னும் நொதிகளைத் தட்டி எழுப்புகிறது. ரத்தம் திரும்ப ஓடும்போது, அந்த ஆக்சிஜனே புதிதாக ஒரு சேதத்தையும் செய்கிறது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் வேதிவினைதான். வேதிவினை எதுவானாலும் குளிரில் மெதுவாகும்.

அப்படியானால் ரத்தம் கொட்டுபவரைக் குளிர விடக் கூடாது என்று ஏன் சொல்கிறோம்?

ஏனென்றால் ரத்தம் உறைவதும் வேதிவினைதான். அதுவும் குளிரில் மெதுவாகிறது. காயத்தை அடைக்க முதலில் ஓடிவரும் தட்டணுக்கள் 33, 34 டிகிரிக்குக் கீழே ஒட்ட மறுக்கின்றன. உறைவுக்கான புரதங்களின் வேகமும் டிகிரிக்கு டிகிரி சரிகிறது. ஓட்டை அப்படியே இருக்கிறது, ரத்தம் இன்னும் ஓடுகிறது, அடைக்கும் சரக்கு மட்டும் வேலை செய்யவில்லை. ரத்தம் போகப் போக உடம்பு இன்னும் குளிர்கிறது, ஆக்சிஜன் கிடைக்காத செல்கள் அமிலத்தை விடுகின்றன, அமிலம் உறைவை இன்னும் கெடுக்கிறது. குளிர், அமிலம், உறையாமை: இந்த மூன்றும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும். விபத்து சிகிச்சைப் பிரிவுகளில் இதை மரண முக்கோணம் என்பார்கள். 1987இல் அமெரிக்காவில் கடுங்காயப்பட்டவர்களைப் பற்றி வெளியான ஓர் ஆய்வில், உள்வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே போனவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு சிகிச்சை முன்னேறியிருக்கிறது. ஆனாலும் ரத்தம் இழந்தவருடைய உள்வெப்பம் 35க்குக் கீழே இறங்கினால் இன்றும் மருத்துவர் முகம் மாறும்.

டர்பன் வெயிலில் எப்படிக் குளிரும் என்று கேட்பீர்கள். குளிரத்தான் செய்யும். நம் சூட்டைத் தலை முதல் கால் வரை எடுத்துப் போவது ரத்தம்; அதுவே வெளியே போகிறது. சூட்டை உண்டாக்க ஆக்சிஜன் வேண்டும்; அதுவும் குறைந்துவிட்டது. நடுங்கிச் சூடேற்றும் தெம்பும் உடம்புக்கு இல்லை. ஜனவரி மாதம் ஹிகின்சன் ஹைவே ஓரத்தில், தார் சுடும் நேரத்தில் கிடந்தவர்கூட, ரத்தத்தில் ஊறிய சட்டையோடு ஆம்புலன்ஸில் காற்றுப் பட்டு வந்து சேரும்போது 34 டிகிரியில் இருக்கலாம். ஜூலை மாத ராத்திரியில் என்3 ரோட்டில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் விபத்து என்றால் சொல்லவே வேண்டாம்.

போதாததற்கு நாங்களே குளிர வைக்கிறோம். அறை வெப்பத்தில் இருக்கும் டிரிப் ஒரு லிட்டர் ஏற்றினால் உடம்பு ஏறத்தாழ கால் டிகிரி இறங்கும். குளிர்பெட்டியில் இருந்து எடுத்த ரத்தம் ஒரு பை ஏற்றினாலும் அதே கால் டிகிரி. பத்து பை ஏற்றும் நிலைமையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால்தான் கடும் விபத்துக்கான அறையை வேண்டுமென்றே புழுக்கமாக வைத்திருப்பார்கள். ஏசியை நிறுத்திவிடுவோம். ரத்தப் பையில் இருந்து வரும் குழாய் ஒரு சூடேற்றும் கருவி வழியாகப் போகும். நோயாளி மேல் வெந்காற்று ஊதும் காகிதப் போர்வை; காயம் பார்க்க ஒரு பக்கம் விலக்கினால் அடுத்த நிமிடம் மூடிவிட வேண்டும். தலையையும் மறக்கக் கூடாது. கவுனும் கையுறையும் போட்ட மருத்துவர் நெற்றியில் வியர்வை வடியும், பக்கத்தில் ஒரு நர்ஸ் துடைத்துக்கொண்டே இருப்பார். யாராவது "அறை ரொம்பச் சூடா இருக்கே" என்றால், பெரிய டாக்டர் தலை நிமிராமல் "அப்படித்தான் இருக்கணும்" என்பார்.

வெளியே நிற்கும் நாம் செய்ய வேண்டியதும் அதே திசையில்தான். ரத்தம் வரும் இடத்தைத் துணியால் நேரடியாக, விடாமல், இரண்டு கையாலும் அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியில் இருந்து 112. நனைந்த துணியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, காய்ந்த போர்வை, ஜாக்கெட், கார் சீட் உறை, எது இருக்கிறதோ அதைப் போர்த்துங்கள். கழுத்து, முதுகில் அடி இல்லை என்று தெரிந்தால் தரைக்கும் ஆளுக்கும் நடுவிலும் ஏதாவது விரியுங்கள். தரை சூட்டை உறிஞ்சிவிடும். தண்ணீர் தெளிப்பது, முகம் கழுவிவிடுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். கால் சுளுக்குக்கு ஐஸ் வைப்பது வேறு விஷயம், அங்கே உயிர் போவதில்லை.

சரி, இவ்வளவு கெடுதல் செய்யும் குளிரை மருத்துவர் ஏன் தேடிப் போகிறார்? இங்கே ஆழம்தான் விஷயம். 34 டிகிரியில் இருக்கும் உடம்பு நடுவழியில் மாட்டிக்கொண்ட உடம்பு. உறைவு கெட்டுவிட்டது, இதயம் தடுமாறத் தொடங்குகிறது, ஆனால் செலவு இன்னும் ஐந்தில் நாலு பங்கு அப்படியே இருக்கிறது. நஷ்டம் முழுசு, லாபம் கொஞ்சம். 28 டிகிரிக்குக் கீழே போனால் இதயத் தசை ஒழுங்கில்லாமல் துடித்து நின்றே போகும். ஆகவே மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டே போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். 10 டிகிரிக்கு வேகமாகக் கொண்டுபோனால் கதை மாறுகிறது. இதயம் ஏற்கெனவே நின்றுவிட்டது, ரத்தம் ஓடவில்லை, ஓடாத ரத்தம் கொட்டவும் முடியாது. உறைவு கெட்டிருப்பது அந்த நேரத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. மூளையின் செலவு அடிமட்டத்தில் இருக்கிறது. அந்த இடைவெளியில் தைக்கலாம்.

இந்த எண்ணம் நேற்று வந்ததில்லை. நெப்போலியனின் படை மருத்துவர் தொமினிக் லாரே, 1812 ரஷ்யப் படையெடுப்பில் பனியில் அடிபட்டுக் கிடந்த வீரர்களைப் பார்த்தவர். நெருப்புக்குப் பக்கத்தில் கிடத்தப்பட்டவர்கள் சிலர், தள்ளிக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் இறந்ததாக அவர் கவனித்தார். 1950இல் கனடாவின் டொரொன்டோவில் வில்ஃப்ரெட் பிகலோ, நாய்களைக் குளிர வைத்து, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, மீண்டும் உயிர்ப்பிக்க முடியும் என்று காட்டினார். 1952 செப்டம்பர் 2 அன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ், 5 வயதுச் சிறுமி ஒருத்தியின் உடம்பை 28 டிகிரிக்குக் குளிர வைத்து, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, இதயத்தைத் திறந்து, உள்ளே இருந்த ஓட்டையை ஐந்தரை நிமிடத்தில் தைத்து மூடினார். அப்புறம் வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடேற்றினார்கள். திறந்த இதயத்துக்குள் கண்ணால் பார்த்துச் செய்து வென்ற முதல் அறுவை அது. குளிர் இல்லாமல் அந்த ஐந்தரை நிமிடம் கிடைத்திருக்காது.

அதே மினசோட்டாவுக்கு 1956இல் படிக்கப் போனவர்தான் நம் நாட்டு கிறிஸ்டியான் பர்னார்ட். திரும்பி வந்து 1958இல் கேப் டவுன் கரூட் ஸ்கூர் மருத்துவமனையில், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக ரத்தத்தை ஓட்டும் இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்து அறுவையைத் தொடங்கினார். 1967 டிசம்பர் 3 அன்று அங்கே நடந்த உலகின் முதல் மனித இதய மாற்றத்தை நாம் எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். அந்த ராத்திரியில், எடுக்கப்போகும் இதயத்தை இயந்திரத்தில் ஓடும் ரத்தத்தாலேயே குளிர வைத்துத்தான் அறுத்து எடுத்தார்கள். இன்றைக்கும் தானம் செய்த சிறுநீரகமும் இதயமும் ஐஸ் பெட்டியில், 4 டிகிரி பக்கத்தில் வைத்துத்தான் ஊர்விட்டு ஊர் போகின்றன. இதயத்துக்கு 4 முதல் 6 மணி நேரம், சிறுநீரகத்துக்கு ஒரு நாள் வரைக்கும் கெடு. உறுப்பைக் குளிரில் காப்பது நமக்குப் புதிது இல்லை; முழு மனிதரை அப்படிக் காப்பதுதான் புதிது.

நெஞ்சில் இருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவில் பழுது பார்க்கும் மருத்துவர்கள் 1970களிலிருந்து நோயாளியை 20 டிகிரி, அதற்கும் கீழே குளிர வைத்து, ரத்த ஓட்டத்தையே முழுசாக நிறுத்தி வேலை செய்கிறார்கள். அவர்கள் கணக்குப்படி 20 டிகிரியில் மூளை சுமார் 20 நிமிடமும், 15 டிகிரியில் 30 நிமிடமும், 10 டிகிரியில் முக்கால் மணியும் பயமில்லாமல் தாங்கும். ஆனால் அந்த நோயாளி முந்தைய நாளே சாப்பிடாமல் படுத்து, இயந்திரத்தில் இணைத்த பிறகு, ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிதானமாகக் குளிர வைக்கப்படுகிறவர். கத்திக்குத்து வாங்கி வந்தவருக்கு அந்த வசதி ஏது?

இந்தக் கேள்வியை விடாமல் பிடித்தவர்களில் முதல்வர் பீட்டர் சேஃபர். வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முறையை உலகுக்குப் பரப்பியவர்களில் ஒருவர் அவர். 1980களில் அமெரிக்க ராணுவ மருத்துவர் ரொனால்ட் பெல்லமியோடு பேசும்போது ஒரு விஷயம் கிளம்பியது. போர்க்களத்தில் சில நிமிடங்களில் ரத்தம் வடிந்து செத்த வீரர்கள் பலருடைய காயம், தைத்தால் சரியாகிவிடக் கூடிய காயம்தான். தைக்க நேரம் இல்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தைக் குளிரால் வாங்கினால் என்ன? பிட்ஸ்பர்க்கில் நாய்களிலும், வேறு ஆய்வகங்களில் பன்றிகளிலும் வருடக்கணக்கில் சோதனை நடந்தது. ரத்தம் முழுக்க வடிந்து இதயம் நின்ற விலங்குகளின் பெருந்தமனிக்குள் பனிக்கட்டி போலக் குளிர்ந்த உப்புநீரைப் பாய்ச்சி மூளையை 10 டிகிரி பக்கம் கொண்டுபோய், 2 மணி நேரம்வரை கழித்தும் அறிவு கெடாமல் மீட்டார்கள். சேஃபர் 2003இல் இறந்தார். அவரிடம் பயின்ற சாமுவேல் டிஷர்மன் பால்டிமோரில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் விபத்து மருத்துவமனையில் மனிதர்களிடம் இதை முயன்றார். 2019 நவம்பரில், ஒருவருக்காவது இதைச் செய்துவிட்டோம் என்று அவர் வெளியே சொன்னார்.

அங்கே என்னதான் நடக்கிறது? கத்திக்குத்தோ குண்டோ பட்டு, கொஞ்ச நேரத்துக்கு முன்தான் இதயம் நின்ற ஒருவர் ஸ்ட்ரெச்சரில் வருகிறார். வழக்கமான முறைப்படி இடது மார்பை விலா நடுவே திறந்து, இதயத்தைக் கையால் அழுத்தி, ரத்தம் ஏற்றிப் பார்க்கிறார்கள். துடிப்பு வரவில்லை. வழக்கமாக இங்கே கைவிட்டுவிடுவார்கள். இப்படி வருகிறவர்களில் நூற்றுக்கு 90க்கும் மேல் பிழைப்பதில்லை. சோதனைக்கு உட்பட்டவர் என்றால் இங்கிருந்து வேறு பாதை தொடங்குகிறது. திறந்த மார்பு வழியாகவே பெருந்தமனிக்குள் தடித்த குழாய் ஒன்றைச் செருகி, ஐஸில் வைத்திருந்த உப்புநீரைப் பம்பு வைத்து வேகமாகத் தள்ளுகிறார்கள். முதலில் தலைக்கும் இதயத்துக்கும். வெளியே வர இதயத்தின் வலது பக்கம் ஒரு வழி. தமனிகளில் மிச்சம் இருந்த ரத்தம் அலசிப் போய், உடம்பு முழுக்க ஓடுவது தெளிந்த உப்புநீர். காதுக்குள்ளோ மூக்குக்குள்ளோ வைத்த வெப்பமானி இறங்கிக்கொண்டே வந்து 10ஐத் தொட்டதும் பம்பை நிறுத்துகிறார்கள். நாடி இல்லை, மூச்சு இல்லை, மூளையில் மின் அலை இல்லை. வெளியே இருந்து பார்த்தால் பிணம்தான். அப்படியே ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிப் போய், ரத்தம் மறைக்காத சுத்தமான இடத்தில் மருத்துவர் கிழிந்ததைத் தேடித் தைக்கிறார். தமக்கு இதில் 2 மணி நேரத்துக்குள்தான் அவகாசம் என்று அந்தக் குழு சொல்கிறது.

சூடேற்றுவதுதான் இதில் அதிக ஆபத்தான கட்டம் என்பது என் எண்ணம். இதய-நுரையீரல் இயந்திரத்தில் தானம் பெற்ற ரத்தத்தை நிரப்பி, ஆக்சிஜன் ஏற்றி, மெல்ல வெப்பத்தைக் கூட்டி உடம்புக்குள் விடுகிறார்கள். அவசரப்பட்டுச் சூடேற்றினால் மூளை வீங்கும். இதயம் 30 டிகிரி பக்கம் வரும்போது தாறுமாறாகத் துடிக்கும். மின் அதிர்ச்சி கொடுத்து ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம், நான் முன்பு சொன்ன மரண முக்கோணம் திரும்பி வருகிறது. ரத்தம் ஓடத் தொடங்கியதும் தைத்த இடம், தைக்காத இடம் எல்லாம் கசியும். உறைவுச் சரக்கு எல்லாம் உப்புநீரில் அலசிப் போய்விட்டது. பிளாஸ்மா, தட்டணு, சிவப்பணு எல்லாம் பை பையாக வேண்டும். சிறுநீரகம் பல நாள் வேலை செய்யாமல் இருக்கலாம்.

1999இல் வட நார்வேயில் பனிச்சறுக்கில் ஓடைக்குள் விழுந்து, பனிப் பாளத்துக்குக் கீழே 80 நிமிடம் மாட்டிக்கொண்ட ஒரு பெண் மருத்துவர் 13.7 டிகிரி உள்வெப்பத்தில் மீட்கப்பட்டுப் பிழைத்ததைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவரைச் சூடேற்றியதும் இதே இயந்திரம்தான். ஆனால் அவருக்கு ரத்தக் குழாய் எதுவும் கிழியவில்லை. இதயம் நிற்பதற்கு முன்பே மூளை நன்றாகக் குளிர்ந்துவிட்டது. இந்த இரண்டு வித்தியாசமும் மிகப் பெரியவை. அவரைக் காட்டி, குத்துப்பட்டவரும் இப்படிப் பிழைப்பார் என்று சொல்லிவிட முடியாது.

குளிர் எல்லா நோய்க்கும் மருந்து என்று நினைத்து ஏமாந்த கதையும் உண்டு. இதயம் திடீரென்று நின்று மீண்டவர்களை 33 டிகிரி அளவில் அரை நாள் முதல் ஒரு நாள் வரை வைத்தால் மூளை தப்பும் என்று 2002இல் இரண்டு ஆய்வுகள் சொன்னபோது உலகமெங்கும் அதைப் பின்பற்றினார்கள். 2021இல் வந்த பெரிய ஆய்வு, காய்ச்சல் வராமல் பார்த்துக்கொண்டாலே போதும், 33க்குக் கொண்டுபோவதால் கூடுதல் பலன் இல்லை என்று காட்டியது. பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தைகளுக்குக் குளிர் நன்றாகவே உதவுகிறது. பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் 33.5 டிகிரியில் வைப்பார்கள். நம் நாட்டிலும் செய்கிறார்கள்; விலை உயர்ந்த கருவிக்குப் பதில் தானாக இயங்கி நிற்கும் விசிறியை வைத்து அதைச் செய்ய முடியுமா என்று கேப் டவுனில் ஆராய்ந்தார்கள். ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளை வைத்து நடந்து 2021இல் வெளியான ஆய்வில், குளிர வைத்த குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகமாக இறந்தார்கள். குழந்தை, நோய், இடம், கவனிப்பு எல்லாம் மாறினால் ஒரே குளிர் வேறு பலன் தருகிறது. அந்த முடிவைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப் போனது.

இந்த ஆழ்குளிர் முறை தென்னாப்பிரிக்காவுக்கு வருமா? தேவை இங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2022-23 போலீஸ் கணக்கில் ஒரே வருடத்தில் 27,000க்கும் மேற்பட்ட கொலைகள். சொவெட்டோவின் பரக்வநாத் மருத்துவமனையில் குத்துக்காயம் தைத்துப் பழக வெளிநாட்டு மருத்துவர்களே வருகிறார்கள். டர்பனில் ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனையில் விபத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கை தேர்ந்தவர்களுக்குக் குறைவில்லை.

தடை வேறு இடத்தில். இதயம் நின்றவரிடம் சம்மதம் கேட்க முடியாது, சொந்தக்காரர் வரும்வரை காத்திருக்கவும் முடியாது. அமெரிக்காவில் இதற்கென்று சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஊர் மக்களைக் கூட்டி விளக்கிச் சொல்லி, வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே மறுக்க வழி வைத்துத்தான் தொடங்கினார்கள். நம் 1996 அரசியல் சட்டத்தின் 12ஆம் பிரிவோ, அறிந்து கொடுத்த சம்மதம் இல்லாமல் யாரையும் மருத்துவ, அறிவியல் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று உரிமைப் பட்டியலிலேயே எழுதிவைத்திருக்கிறது. இந்த நாடு பார்த்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்று விளக்க வேண்டாம். அதை நான் மனதார மதிக்கிறேன். இங்கே யாராவது இதைத் தொடங்க நினைத்தால் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உம்லாசியிலும் மண்டபம் மண்டபமாக வந்து, ஜூலுவிலும் ஆங்கிலத்திலும், ஆயாமார்களுக்குப் புரியும் தமிழிலும் பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அடுத்தது தூரம். இதயம் நின்று சில நிமிடத்துக்குள் மார்பைத் திறக்க வேண்டும். அதாவது ஆம்புலன்ஸில் உயிரோடு ஏறி, மருத்துவமனை வாசலில் இதயம் நிற்பவருக்குத்தான் இது உதவும். ஆம்புலன்ஸே முக்கால் மணி கழித்து வரும் இடத்தில் இந்த முறைக்கு வேலை இல்லை. அங்கே உயிரைக் காப்பது அழுத்திப் பிடித்த இரண்டு கையும், முதல் 3 மணி நேரத்துக்குள் ஏற்றும் டிரானெக்சாமிக் அமிலமும்தான். விலை குறைந்த இந்த மருந்து உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் காக்கிறது. 20,000க்கும் மேற்பட்டோரிடம் சோதித்து, சாவைக் குறைக்கிறது என்று 2010இல் காட்டினார்கள். ஆழ்குளிர் பற்றிப் பேச எனக்கு ஆசை உண்டு. ஆனால் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், முதலில் ஆம்புலன்ஸுக்கும் இந்த மருந்துக்கும் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கடைசியாக ரத்தம். உப்புநீரில் அலசிய ஒரு உடம்பைத் திரும்ப நிரப்ப இயந்திரத்துக்கு முதலில் ரத்தம் ஊற்ற வேண்டும். அப்புறம் கசிவு நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் ஆளின் வகை பார்க்க நேரம் இல்லாத அவசரத்தில் ஓ வகை ரத்தம்தான் கைகொடுக்கும். எடுத்த சிவப்பணுவைக் குளிர்பெட்டியில் 42 நாள்தான் வைக்கலாம், அதற்குமேல் வீண். 16 வயது நிறைந்து, 50 கிலோ எடை இருந்து, உடம்பு நன்றாக இருந்தால் 56 நாளுக்கு ஒரு முறை கொடுக்கலாம். டிசம்பர் விடுமுறையில் பள்ளிகளும் கம்பெனிகளும் மூடிவிடுவதால் கொடுப்பவர்கள் குறைவார்கள். ரோட்டில் அடிபடுகிறவர்கள் கூடுவதும் அதே மாதம்தான். அந்த மாதத்தில் ரத்த வங்கி வண்டி உங்கள் மால் வாசலில் நின்றால், ஓ வகைக்காரர்கள் முதலில் ஏறுங்கள்.